சென்னை நகரில் வாடகை வீட்டு முதலீடு: சட்டங்களும் உரிமையாளர் உத்திகளும் (1921–2019)

ஆய்வுச்சுருக்கம்

வீட்டை வாடகைக்கு விட்டு வருவாய் ஈட்டுவது சென்னை நகர நடுத்தர வகுப்பினரின் பழைய முதலீட்டு முறைகளுள் ஒன்று. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வாடகையை உறையவைத்ததால் இம்முதலீடு நலிந்தது என்பது பரவலாக வழங்கும் கருத்தாகும். சட்டப் பிரிவுகளையும் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளையும் கால வரிசையில் வைத்து நோக்கினால், 1941 முதல் 1960 வரையிலான காலத்திற்கே அக்கருத்து முழுமையாகப் பொருந்துவதைக் காணமுடிகிறது. அதன்பின் உரிமையாளரை வருத்தியது வாடகையின் அளவைவிட வீட்டைத் திரும்பப் பெறும் வழியே ஆகும். பெருந்தொகை முன்பணம், 11 மாத ஒப்பந்தம், ஒத்தி, மாடியை மட்டும் வாடகைக்கு விடுதல், குடித்தனக்காரரைத் தேர்ந்தெடுத்தல் ஆகிய உத்திகள் இந்தச் சிக்கலுக்கு எழுந்த விடைகள் என்பதையும், அவற்றின் சுமை யார்மீது விழுந்தது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: குடிக்கூலி, நியாய வாடகை, முன்பணம், ஒத்தி, அடிமனை, வாடகைக் கட்டுப்பாடு, சென்னை.

முன்னுரை

வாடகை என்னும் சொல் பெருவழக்காவதற்கு முன் வீட்டிற்குச் செலுத்தும் தொகையைக் 'குடிக்கூலி' என்றே தமிழர் வழங்கினர். குடியிருப்பதற்கான கூலி என்பது அதன் நேர்பொருள். இடத்தின் விலையைவிடக் குடியிருத்தல் என்னும் செயலையே அச்சொல் முன்னிறுத்துகிறது. இருபதாம் நூற்றாண்டுச் சட்டங்கள் மீண்டும் மீண்டும் மோதிக்கொண்ட இடமும் இதுவே. வீடு ஒருவருக்கு முதல், மற்றொருவருக்குக் குடியிருப்பு. முதலிட்டவர் வருவாயையும் விரும்பிய நேரத்தில் முதலைத் திரும்ப எடுக்கும் உரிமையையும் எதிர்பார்க்கிறார். குடியிருப்பவரோ நிலைத்தன்மையை எதிர்பார்க்கிறார்.

வாடகைச் சட்டங்களைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் வழக்கறிஞர்களுக்கான உரைநூல்களாக அமைந்தவை. அவற்றில் பிரிவுகளும் தீர்ப்புகளும் உண்டு. அவற்றின் நடுவே வாழ்ந்த உரிமையாளரின் கணக்கு இல்லை. ஒரு சட்டப்பிரிவு எந்த நடைமுறையைத் தூண்டியது, எதை மறைவுக்குத் தள்ளியது என்று கேட்கும்போதுதான் அப்பிரிவுகள் வரலாற்றுச் சான்றுகளாகின்றன.

நிலமும் கட்டடமும் வெவ்வேறு கைகளில்: 1921

முதல் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் இந்தியப் பெருநகரங்களில் வாடகை ஏறியது. பம்பாயில் 1918-இலும் கல்கத்தாவில் 1920-இலும் கட்டட வாடகையைக் கட்டுப்படுத்தும் சட்டங்கள் வந்தன. சென்னை மாகாணம் வேறொரு வழியில் சென்றது. இங்கு இயற்றப்பட்டது சென்னை நகரக் குடிவாரதாரர் பாதுகாப்புச் சட்டம், 1921 (1922-ஆம் ஆண்டின் 3-ஆம் சட்டம்). வீட்டு வாடகையைத் தொடாத இச்சட்டம், பிறர் நிலத்தில் தம் செலவில் வீடு கட்டிக் குடியிருந்தோரைக் காத்தது.

சென்னையின் நிலவுடைமை இதற்குக் காரணமாகும். கோயில்கள், மடங்கள், அறக்கட்டளைகள், பெருந்தனக்காரர்கள் ஆகியோரிடம் இருந்த மனைகளை மாத வாடகைக்குப் பெற்று, அதன்மேல் கூரை வீடோ ஓட்டு வீடோ கட்டிக்கொள்வது பரவலான வழக்கம். அடிமனை ஒருவருடையது, மேற்கட்டடம் மற்றொருவருடையது. இன்றும் கோயில் நிலங்களில் 'அடிமனை வாடகை' என்னும் தொடர் வழங்குகிறது. நிலவுடைமையாளரின் நோக்கில் இது மிகக் குறைந்த இடருள்ள முதலீடு. கட்டுமானச் செலவு இல்லை. பழுது பார்க்கும் பொறுப்பு இல்லை. நிலத்தின் மதிப்பு மட்டும் ஏறிக்கொண்டிருக்கும். மதிப்பு போதிய அளவு ஏறியதும் குடியிருப்பவரை வெளியேற்றி மனையை விற்கலாம்.

இக்கணக்கின் கடைசி வரியை 1921 சட்டம் அழித்தது. வெளியேற்றப்படுபவருக்குக் கட்டடத்தின் மதிப்பை இழப்பீடாகத் தரவேண்டும் என்றது பிரிவு 3. பிரிவு 9 இன்னும் ஒரு படி மேலே சென்றது. வெளியேற்றும் வழக்கு தொடுக்கப்பட்டால், அந்நிலத்தைத் தமக்கே விற்குமாறு உத்தரவிடக் கோரிக் குடியிருப்பவர் நீதிமன்றத்தை நாடலாம். விலையை நீதிமன்றம் குறிக்கும். வழக்குத் தொடுப்பதே நிலத்தை இழக்கும் வழியாகிவிடும் என்னும் அச்சம் உரிமையாளருக்கு ஏற்பட்டது. 1955-ஆம் ஆண்டுத் திருத்தம் இச்சட்டத்தைப் பிற நகரங்களுக்கும் நீட்டிக்க வழிசெய்தது. சமய நிறுவனங்களின் நிலங்கள் 1996-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் இதன் வரம்பிலிருந்து நீக்கப்பட்டன. எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக அறநிலையங்கள் தம் மனைகளை மீட்கத் தயங்கியதற்கும், அம்மனைகளில் ஏழை எளியோர் குடியிருப்புகள் நிலைத்ததற்கும் இந்த ஒரு பிரிவு கொண்டிருந்த பங்கு பெரிது.

வெற்று மனையை வாடகைக்கு விடும் முறையின் கவர்ச்சி இச்சட்டத்தால் குறைந்தது. நகரும் அதே காலத்தில் விரிந்தது. மாம்பலம் ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகர் உருவாக்கப்பட்டது 1920-களில்தான். மனை வாங்கி, தாமே கட்டி, கட்டடத்தோடு வாடகைக்கு விடும் உரிமையாளர் இந்நூற்றாண்டின் புதிய மனிதர் எனலாம். மயிலாப்பூரில் 1872-இல் தொடங்கிய இந்து பெர்மனென்ட் பண்டு போன்ற நிதி நிறுவனங்கள் இவ்வகுப்பினரின் சேமிப்பையும் கடனையும் கையாண்டன. ஓய்வு பெற்ற அரசு அலுவலருக்கும் வழக்கறிஞருக்கும் கைம்பெண்ணுக்கும் வாடகை வீடு என்பது ஓய்வூதியத்தின் மறுவடிவமாக இருந்தது. 1922-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டமும் வீட்டின் ஆண்டு மதிப்பைத் தனி வருவாய்த் தலைப்பாகக் கொண்டு, பழுதுச் செலவுக்கென ஆறில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்ள இடமளித்தது.

போர்க்கால உறைநிலை: 1941–1960

கட்டட வாடகையின்மீது அரசின் கை முதன்முதலில் விழுந்தது இரண்டாம் உலகப் போரின்போது. இந்தியப் பாதுகாப்பு விதிகளின்கீழ் 1941-இல் சென்னை வீட்டு வாடகைக் கட்டுப்பாட்டு ஆணை பிறந்தது. அடுத்த ஆண்டே ஒரு விந்தை நிகழ்ந்தது. 1942 ஏப்ரலில் கொழும்பும் விசாகப்பட்டினமும் சப்பானிய விமானங்களால் தாக்கப்பட்டவுடன் சென்னை மக்கள் பெருந்திரளாக ஊரைவிட்டு வெளியேறினர். அரசு அலுவலகங்களும் உள்மாவட்டங்களுக்கு மாற்றப்பட்டன. வாடகைக்கு ஆள் கிடைக்காத வீடுகளின் நகரமாகச் சென்னை சில மாதங்கள் இருந்தது. கட்டுப்பாட்டு ஆணை நடைமுறையில் இருந்தபோதே கட்டுப்படுத்துவதற்கு வாடகை இல்லாமற்போன காலம் அது.

வெளியேறியவர்கள் திரும்பினர், அவர்களோடு மேலும் பலர் வந்தனர். 1921-இல் ஏறத்தாழ 5.27 லட்சமாக இருந்த நகர மக்கள்தொகை 1931-இல் 6.47 லட்சம், 1941-இல் 7.77 லட்சம் என வளர்ந்து, 1951-இல் 14.16 லட்சத்தைத் தொட்டது. இடையில் நகர எல்லை விரிவாக்கப்பட்டதும் இவ்வுயர்வில் அடங்கும். ஆயினும் வீடுகள் இந்த வேகத்தில் பெருகவில்லை என்பதில் ஐயமில்லை. போர்க்கால ஆணைகளின் இடத்தில் 1946-இலும் 1949-இலும் சென்னைக் கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டங்கள் இயற்றப்பட்டன. நியாய வாடகையைக் குறிக்கும்போது 1940 ஏப்ரலுக்கு முந்திய 12 மாதங்களில் அவ்வட்டாரத்தில் நிலவிய வாடகையை அளவுகோலாகக் கொள்ளவேண்டும் என்பது அக்காலச் சட்டத்தின் அடிப்படை. அதன்மேல் குறிப்பிட்ட விழுக்காடு மட்டுமே உயர்த்தலாம். போர்க்காலத்தில் விலைவாசி பன்மடங்கு ஏறியபின் இந்த அளவுகோல் உரிமையாளரை நசுக்கியது என்பதை மறுக்கமுடியாது.

இதைவிட ஆழமான தலையீடு ஒன்றும் இருந்தது. காலியாகும் வீட்டைப் பற்றி உரிமையாளர் 7 நாட்களுக்குள் அதிகாரிக்கு எழுத்து வடிவில் அறிவிக்கவேண்டும். அரசு தன் அலுவலர்களுக்காகவோ பொதுத் தேவைக்காகவோ அவ்வீட்டை எடுத்துக்கொள்ளலாம். இவ்விதி 1960 சட்டத்திலும் பிரிவு 3-ஆகத் தொடர்ந்தது. வாடகை எவ்வளவு என்பதோடு குடிவருபவர் யார் என்பதும் உரிமையாளர் கையைவிட்டுப் போயிற்று. பிற்கால உத்திகளைப் புரிந்துகொள்ள இவ்விரண்டாம் இழப்பே திறவுகோல்.

இக்காலத்து உரிமையாளர் கண்ட வழி வீட்டைக் கூறுபோடுவது. திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் பகுதிகளில் 'ஸ்டோர்' என்று வழங்கிய நீண்ட வீடுகளில், ஒரே நடையின் இருபுறமும் சிறு சிறு குடித்தனங்கள் அமைந்தன. கிணறு, கழிப்பறை, முற்றம் ஆகியவை பொது. 'போர்ஷன்' என்னும் ஆங்கிலச் சொல் சென்னைத் தமிழில் வீட்டுப் பகுதியைக் குறிக்கும் பெயராக நிலைத்தது; 'ஒண்டுக்குடித்தனம்' என்னும் சொல் அவ்வாழ்வின் இடர்ப்பாட்டையே பெயராக்கியது. முழு வீட்டுக்கு 1940-ஆம் ஆண்டு வாடகை ஒப்பீட்டுக்கு இருக்கலாம். சமையலறை ஒட்டிய ஓர் அறைக்கு அத்தகைய ஒப்பீடு எளிதில் கிடைக்காது. கூறுபோடுவதில் இந்த நன்மையும் இருந்தது. பழுது பார்ப்பதும் நின்றது. வாடகை ஏறாத கட்டடத்தில் செலவிடுவது வீண் என்று உரிமையாளர் எண்ணினார். ஒழுகும் கூரைக்காக வீடு மாறவும் குடித்தனக்காரரால் இயலவில்லை. அசோகமித்திரனின் 'தண்ணீர்' நாவல் இவ்வகை வாடகைக் குடித்தனத்தின் பிற்கால நிலையைத் தண்ணீர்ப் பஞ்சத்தின் வழியே காட்டுகிறது. வாடகைச் சட்டத்தின் எந்தப் பிரிவும் அவ்வளவு நுட்பமாகப் பொதுக் குழாயடியைப் பேசியதில்லை.

நியாய வாடகை யாருக்கு நியாயம்?

1960-ஆம் ஆண்டின் 18-ஆம் சட்டம் அளவுகோலை மாற்றியது. 1940-ஆம் ஆண்டு வாடகை என்னும் அடித்தளம் கைவிடப்பட்டது. கட்டடத்தின் மொத்த மதிப்பில் ஆண்டொன்றுக்கு 6 விழுக்காடு குடியிருப்புக்கும், 9 விழுக்காடு பிற பயன்பாட்டுக்கும் நியாய வாடகை எனக் குறிக்கப்பட்டது. 1973-ஆம் ஆண்டுத் திருத்தம் இவற்றை முறையே 9, 12 விழுக்காடுகளாக உயர்த்தியது. மொத்த மதிப்பு என்பது மனையின் சந்தை மதிப்பு, தேய்மானம் கழித்த கட்டுமானச் செலவு, வசதிகளின் செலவு ஆகியவற்றின் கூட்டுத்தொகை. வசதிகளுக்குக் குடியிருப்பில் 15 விழுக்காடு வரை சேர்க்கலாம். மனையில் கட்டடம் நிற்கும் பரப்பும், அதில் பாதியளவு வெற்றிடமும் மட்டுமே கணக்கில் வரும். இம்மதிப்புகளெல்லாம் நியாய வாடகை கோரி விண்ணப்பித்த நாளில் உள்ளபடி கணிக்கப்படவேண்டும்.

கடைசி நிபந்தனையைப் பெரும்பாலோர் கவனிக்காமல் கடந்துவிடுகின்றனர். ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு இதனை விளக்கும். கணக்கில் கொள்ளத்தக்க மனையின் மதிப்பு 10,000 ரூபாய், கட்டடத்தின் மதிப்பு 15,000 ரூபாய் எனக் கொண்டால், 6 விழுக்காட்டில் மாத வாடகை 125 ரூபாய். 9 விழுக்காட்டில் 187 ரூபாய் 50 காசு. பத்தாண்டில் கட்டடம் தேய்ந்து அதன் மதிப்பு 13,000 ஆகவும், மனை மதிப்பு ஏறி 40,000 ஆகவும் ஆனால், அதே 9 விழுக்காட்டில் மாத வாடகை 397 ரூபாய் 50 காசாகிறது. கட்டடம் பழையதாக ஆக, வாடகை ஏறுகிறது. நில மதிப்போடு கட்டப்பட்ட வாடகை உறைந்த வாடகை ஆகாது.

இதனைப் பயன்படுத்த உரிமையாளருக்கு உரிமை உண்டா என்னும் வினா 1974-இல் ராவல் நிறுவன வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. குத்தகைக் காலம் முடியாதிருக்கும்போதே உரிமையாளரும் நியாய வாடகை கோரலாம். ஒப்பந்த வாடகையைவிட உயர்ந்த தொகையும் நியாய வாடகையாகக் குறிக்கப்படலாம் என்பது பெரும்பான்மைத் தீர்ப்பு. குடித்தனக்காரரின் கேடயமாகப் பிறந்த நியாய வாடகை விண்ணப்பம் உரிமையாளரின் கைக்கருவியாயிற்று. நகரின் மையப் பகுதிகளில் நெடுங்காலக் குடித்தனக்காரர்மீது உரிமையாளரே நியாய வாடகை வழக்குத் தொடுப்பது பின்னர் வாடிக்கையானது.

ஆகவே, வாடகைக் கட்டுப்பாடே முதலீட்டைக் கொன்றது என்னும் கூற்றைத் தமிழ்நாட்டுக்கு அப்படியே பொருத்துவது பிழை. அக்கூற்று பம்பாயின் அனுபவத்திலிருந்து இரவல் பெற்றது. அங்கு பழைய வாடகையே பல பதின்மங்கள் தொடர்ந்தது. சென்னையிலோ சட்டம் குறித்த 9 விழுக்காட்டை அண்மைக்காலச் சந்தை வாடகை எட்டுவதே இல்லை. குடியிருப்புச் சொத்தில் வாடகை வருவாய் சொத்து மதிப்பில் 2, 3 விழுக்காடு என்பதே இன்றைய இந்தியப் பெருநகரங்களின் பொது நிலை. சட்ட வரம்புக்குக் கீழே சந்தை நிற்கும்போது வரம்பைக் குறைகூறுவதில் பொருளில்லை.

திரும்பப் பெறுதலின் சிக்கல்

சிக்கல் வேறிடத்தில் இருந்தது. குத்தகைக் காலம் முடிந்தாலும் குடித்தனக்காரரை 1960 சட்டத்தின் பிரிவு 10, 14 ஆகியவற்றில் சொல்லப்பட்ட காரணங்களுக்காக மட்டுமே வெளியேற்றலாம். வாடகை பாக்கி, உள்வாடகைக்கு விடுதல், கட்டடத்திற்குச் சேதம் விளைத்தல், தொல்லை, உரிமையாளரின் சொந்தக் குடியிருப்புத் தேவை, பழுதுபார்ப்பு, இடித்துக் கட்டுதல் என அவை அமைந்தன. சொத்து மாற்றச் சட்டப்படியான முன்னறிவிப்பு இத்தகைய வழக்குகளுக்குத் தேவையில்லை என்று 1979-இல் தனபால் செட்டியார் வழக்கில் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு தெளிவுபடுத்தியது. ஒப்பந்தத்தின் இடத்தைச் சட்டமே பிடித்துக்கொண்டதன் அறிகுறி இது.

பாக்கி என்பதும் வெறும் பாக்கியாக இருந்தால் போதாது. மனமறிந்து செய்த தவறுகையாக இருக்கவேண்டும். உரிமையாளர் அறிவிப்பு அனுப்பி இரண்டு மாதங்கள் ஆகியும் செலுத்தாவிடில் அது மனமறிந்ததாகக் கருதப்படும் என்னும் விளக்கத்தை ஒட்டியே 1985-இல் சுந்தரம் பிள்ளை வழக்கின் விரிவான தீர்ப்பு எழுந்தது. சிறுவழக்கு நீதிமன்றத்தின் வாடகைக் கட்டுப்பாட்டு அலுவலர், மேல்முறையீட்டு அமைப்பு, உயர் நீதிமன்றச் சீராய்வு, சில வேளைகளில் உச்ச நீதிமன்றம் என ஒரு வழக்கு படியேறி முடிய ஒரு தலைமுறைக் காலம் ஆவதும் உண்டு.

இச்சூழலில் உரிமையாளர்கள் வகுத்துக்கொண்ட உத்திகள் சட்டத்தின் ஒவ்வொரு மடிப்பையும் அறிந்தவை.

வீட்டின் கீழ்த்தளத்தில் தாம் குடியிருந்து மாடியை வாடகைக்கு விடுவது முதலாவது. வீட்டின் ஒரு பகுதியில் உரிமையாளரே குடியிருந்தால், கூடுதல் இடத்தேவை என்னும் தனிக்காரணத்தால் மறுபகுதியைக் கோரலாம் என்றது பிரிவு 10(3)(இ). மகன் திருமணம், பேரப்பிள்ளைகளின் படிப்பு ஆகியவையெல்லாம் நீதிமன்ற ஆவணங்களில் காரணங்களாக இடம்பெற்றன. சென்னையின் புறநகர்த் தெருக்களில் மாடிப்படி வெளிப்புறமாக அமைந்த இரண்டடுக்கு வீடுகள் இவ்வளவு மிகுந்திருப்பதற்குக் குடும்பச் சிக்கனத்தோடு இப்பிரிவும் ஒரு காரணம் எனக் கருத இடமுண்டு.

புதிய கட்டடத்திற்கான விலக்கு இரண்டாவது. கட்டி முடித்து ஐந்தாண்டுகள் வரை எந்தக் கட்டடமும் சட்ட வரம்புக்குள் வாராது. பழைய கட்டடத்தை இடித்துக் கட்டவேண்டும் என்று கோரினால் குடித்தனக்காரரை வெளியேற்றவும் முடியும். இடிப்பை ஒரு மாதத்திற்குள் தொடங்கி மூன்று மாதத்திற்குள் முடிப்பதாக உறுதிமொழி தந்தால் போதும். இவ்விரண்டும் இணைந்ததே அடுக்ககக் கட்டுமானர்களின் நுழைவாயில். இடிக்கும் நோக்கம் மெய்யானதா என்பதைக் கட்டடத்தின் வயது, நிலை, உரிமையாளரின் பணவசதி ஆகியவற்றைக்கொண்டு அறியவேண்டும் என 1996-இல் விஜய் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்துரைத்தது. அதற்குள் மயிலாப்பூரின் பல ஓட்டு வீடுகள் அடுக்ககங்களாகிவிட்டன.

உயர்ந்த வாடகையைக் குறித்துச் சட்டத்திலிருந்து தப்புவதும் சிலகாலம் இயன்றது. மாத வாடகை 400 ரூபாய்க்கு மேற்பட்ட குடியிருப்புகளுக்குப் பிரிவு 30(2) விலக்களித்திருந்தது. கடைகளுக்கு இத்தகைய வரம்பு இல்லாதபோது குடியிருப்போருக்கு மட்டும் பாதுகாப்பை மறுப்பது சமத்துவத்திற்கு முரண் எனக் கூறி 1986-இல் ரத்தன் ஆர்யா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதனைச் செல்லாதெனத் தள்ளியது. அறநிலையங்களுக்கு மட்டும் நிலை வேறு. 1976-இல் வெளிவந்த அரசாணை சமய, பொது அறக்கட்டளைகளின் கட்டடங்களுக்கு முழு விலக்கு அளித்தது; 1985-இல் அதனை உச்ச நீதிமன்றமும் ஏற்றது.

11 மாத ஒப்பந்தத்தைப் பற்றி ஒரு தவறான எண்ணம் நிலவுகிறது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்யவேண்டும் என்னும் 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்ட விதியிலிருந்தும் முத்திரைச் செலவிலிருந்தும் தப்பவே அவ்வழக்கம் தோன்றியது. 12-ஆம் மாதத்தில் குடித்தனக்காரரை வெளியேற்றும் ஆற்றல் அதற்கு 2019 வரை இல்லை. இருந்தும் அவ்வாறொரு ஆற்றல் இருப்பதாக இருதரப்பும் நம்பியதே அதன் பயன். சட்டம் அறியாத குடித்தனக்காரர் தாளைக் கண்டு காலி செய்தார், அறிந்தவர் செய்யவில்லை.

முன்பணமும் ஒத்தியும்

சென்னையின் தனித்த வழக்கம் பத்து மாத முன்பணம். சட்டமோ ஒரு மாத வாடகைக்கு மேற்பட்ட முன்பணத்தைப் பெறக்கூடாது எனத் தடுத்தது (பிரிவு 7). பல பதின்மங்களாக நகரின் பெரும்பாலான குடித்தனங்கள் சட்டத்திற்குப் புறம்பான தொகையை வெளிப்படையாகக் கைமாற்றிக்கொண்டே தொடங்கின. பாக்கி வழக்கு நீளும் காலத்திற்கான காப்பீடாக உரிமையாளர் அதனைக் கருதினார்; வட்டியில்லாக் கடனாகவும் அது பயன்பட்டது. வீடு கட்டும்போதே வருங்காலக் குடித்தனக்காரரிடம் முன்பணம் பெற்றுத் தளம் ஒட்டிய உரிமையாளர்களும் உண்டு.

சட்டமீறலில் ஒரு பொறி மறைந்திருந்தது. மிகையாகப் பெற்ற முன்பணம் உரிமையாளரிடம் இருக்கும்போது குடித்தனக்காரர் பாக்கி வைத்தார் எனக் கூறமுடியாது என்று, இதனையொத்த ஆந்திரச் சட்டத்தின்கீழ் எழுந்த கூடூர் மாடர்ன் ஓட்டல் வழக்கில் 1989-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. காப்பீடாக வாங்கிய தொகையே வழக்கைக் கவிழ்க்கும் என்றாயிற்று. எனினும் வழக்கம் மாறவில்லை.

முன்பணத்தின் இறுதி வடிவம் ஒத்தி. வீட்டைக் கொடுத்துப் பெருந்தொகை பெறுதல், வாடகை இல்லை, வட்டியும் இல்லை, காலம் முடிந்ததும் தொகையைத் திருப்பி வீட்டை மீட்டல் என்பது இதன் அமைப்பு. தென்மாவட்டங்களில் ஒத்தி என்றும், சென்னையில் போக்கியம் அல்லது லீசு என்றும் வழங்குகிறது. 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டம் பிரிவு 58(ஈ)-இல் அனுபவ அடைமானமாக வரையறுப்பது இதனையே. 'ஒற்றி' என்னும் பழஞ்சொல் கல்வெட்டுகளில் பயில்வது; திருவொற்றியூர்ப் பெயரை வைத்துத் தேவார ஆசிரியர்கள் சொல்விளையாட்டு நிகழ்த்தும் அளவுக்கு அது அன்றே பழகியிருந்தது. தென்கொரியாவின் 'சோன்செ' முறை இதனோடு பெரிதும் ஒத்தது. வங்கிக் கடன் எளிதில் கிட்டாத உரிமையாளருக்கும், மாத வருவாய் உறுதியற்ற ஆனால் கையில் தொகையுள்ள குடும்பத்திற்கும் இது பொருந்தியது. இடரெல்லாம் தொகை கொடுத்தவர் பக்கமே. உரிமையாளரின் கணக்கு, அடுத்த ஒத்திதாரர் தரும் தொகையிலிருந்து முன்னவருக்குத் திருப்புவது. அடுத்தவர் கிடைக்காவிடில், அல்லது அவ்வீடு முன்பே வங்கியில் அடைமானத்தில் இருந்தால், பதிவு செய்யப்படாத ஒத்திப் பத்திரத்தை வைத்துக்கொண்டு குடியிருப்பவர் செய்யக்கூடியது மிகச் சிறிது.

வாசலில் நடக்கும் தேர்வு

பின்னால் வெளியேற்ற இயலாது என்றால், முன்னால் உள்ளே விடாமலிருப்பதே பாதுகாப்பு. இந்த எளிய தருக்கம் வாடகை முதலீட்டின் மிக வலிமையான உத்தியைத் தோற்றுவித்தது. வங்கி ஊழியர், அரசு அலுவலர், மாற்றலாகக்கூடிய பணியினர் விரும்பப்பட்டனர். வழக்கறிஞரும் காவல்துறையினரும் பத்திரிகையாளரும் தவிர்க்கப்பட்டனர். இதுவரை இது இடர்க் கணிப்பு எனலாம். ஆனால் அதே வாசலில் சாதியும் மதமும் உணவுப் பழக்கமும் வினவப்பட்டன. 'சைவம் மட்டும்' என்னும் தொடர் வாடகை விளம்பரங்களில் உணவைப் பற்றியதாக மட்டும் இருந்ததில்லை. தலித்துகளும் இசுலாமியரும் தனித்து வாழும் பெண்களும் வீடு தேடி அலைந்த அனுபவங்கள் நகரின் பொது அறிவு.

சட்டக் கட்டுப்பாடு இப்பாகுபாட்டைத் தோற்றுவித்தது எனக் கூறுவது மிகை. அது அதனினும் பழையது. எனினும் இடர்க் கணிப்பு என்னும் மதிப்பான உடையைச் சட்டச் சூழல் அதற்கு அணிவித்தது. 1960 சட்டம் வாடகையைக் குறித்தது, காரணங்களைக் குறித்தது, தண்ணீரையும் மின்சாரத்தையும் துண்டிக்கக்கூடாது என்றது. வீடு மறுக்கப்படுவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அரசமைப்பின் 15(2)-ஆம் உறுப்பு கடைகளையும் உணவகங்களையும் கிணறுகளையும் குறிப்பிடுகிறது. தனியார் வாடகை வீடு அப்பட்டியலில் இல்லை. ஏற்கெனவே உள்ளே இருப்பவரை இவ்வளவு நுணுக்கமாகக் காத்த சட்ட மரபு, வெளியே நிற்பவரைக் காணவேயில்லை என்பது இவ்வரலாற்றின் மிகப் பெரிய இடைவெளி.

2017 சட்டமும் பழைய வழக்கங்களும்

வீட்டுக் கடன் பெருகிய 1990-களுக்குப் பின் முதலீட்டாளரின் கணக்கே மாறிவிட்டது. வாடகையில் 30 விழுக்காட்டுக் கழிவு, கடன் வட்டிக் கழிவு, சொத்தின் மதிப்புயர்வு ஆகியவை சேர்ந்தே வருவாயாயின. வீட்டுச் சொத்து இழப்பைப் பிற வருவாயில் ஈடுசெய்வதற்கு 2017-இல் 2 லட்சம் ரூபாய் வரம்பு விதிக்கப்படும் வரை, வாடகை குறைவாயிருப்பது வரிக் கணக்கில் பெருங்குறையாகத் தோன்றவில்லை.

இந்நிலையில் தமிழ்நாடு நில உரிமையாளர்கள், குத்தகைதாரர்களின் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம், 2017 இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. ஒன்றிய அரசின் 2021-ஆம் ஆண்டு மாதிரிக் குத்தகைச் சட்டத்திற்கு முற்பட்டது இது. நியாய வாடகை என்னும் கருத்து நீங்கியது. இருதரப்பும் ஒப்புக்கொள்வதே வாடகை. ஒப்பந்தம் எழுத்தில் அமைந்து வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு பெறவேண்டும். பழைய குடித்தனங்களும் எழுத்து ஒப்பந்தத்திற்கு மாறவேண்டும். ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறுவதே பிரிவு 21(2)(அ)-இன்படி வெளியேற்றத்திற்கான காரணம்.

வாய்மொழியாகவே பல்லாண்டு குடியிருந்தவர்களை இப்பிரிவு எளிதில் தாக்கியது. உரிமையாளர் ஒப்பமுடியாத வாடகையைக் கேட்டாலும், குடித்தனக்காரர் மறுத்தாலும், விளைவு ஒன்றே: ஒப்பந்தம் இல்லை. முன்பு காரணங்களின் பட்டியல் குடித்தனக்காரரைக் காத்தது. இப்போது பட்டியலின் முதல் வரியே அவரை வெளியேற்றப் போதுமானது. முன்பணத்திற்கு மூன்று மாத வாடகை என வரம்பு வைத்த பிரிவு 11, 'மாறான ஒப்பந்தம் இல்லாவிடில்' என்னும் தொடரோடு தொடங்குகிறது. ஒரு மாத வரம்பை மீறி நின்ற பத்து மாத முன்பணம் முன்பு சட்டமீறல். இனி ஒப்பந்தத்தில் ஒரு வரியாக எழுதிக்கொண்டால் அது முறையானது.